செல்லப்பாண்டிக்கு ஒரு படம்

பெருமாள்மலை
6-2-1961

அன்புள்ள மருமகன் ஞானவேலுக்கு மாமா சின்னச்சாமி எழுதுவது. இங்கே பனி விட்டபாடில்லை. அதைத் தவிர எனக்கும் உன் அத்தை அழகம்மாளுக்கும் ஒரு குறையும் இல்லை. வள்ளி அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? அச்சாபீஸ் வேலை உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

நல்ல சேதி சொல்ல இதை எழுதவில்லை. நம் பபூன் செல்லப்பாண்டி போய்விட்டான். தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்து வீட்டில், வெள்ளிக்கிழமை பிடித்த காய்ச்சல் விடவே இல்லையாம். புதன்கிழமை முடிந்துவிட்டது. கண்டக்டர் நாச்சிமுத்து பஸ்ஸை நம் கடை முன்னால் நிறுத்தி, இறங்கி வந்து சொன்னான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எண்ணெயில் கிடந்த வடை கருகிப்போனது. கேட்க ஆளில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். பூண்டு மண்டி சேனாதிபதி துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தவர், திடீரென்று, “மந்திரிகிட்ட ரோடு கேட்ட கதையச் சொல்லுவானேப்பா” என்றார். உடனே நாச்சிமுத்து செல்லப்பாண்டி குரலிலேயே ஆரம்பித்தான். “மந்திரி வந்தாரு. என்னய்யா வேணும்னாரு. ரோடு வேணும்னோம். எதுக்குன்னாரு. நீங்க மறுபடி வாரதுக்குன்னோம். அன்னைக்குப் போனவருதான்!” துக்கச் சேதி வந்த இடத்தில் கடையே சிரித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

நாடகத்தில் ராஜா வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் தனியாக நின்று பேசுவானே, அதற்காகவே எத்தனை மைல் நடந்திருக்கிறோம்! ராஜா வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். நம் கடைக்கு வந்தாலும் அப்படித்தான். வாசல் தூணில் சாய்ந்தபடி டீயைக் குடித்துக்கொண்டே பேசுவான். உள்ளே எனக்கு வடை தீர்ந்துபோகும். எத்தனை நேரமானாலும் உட்காரவே மாட்டான். அப்படி ஒரு சுறுசுறுப்பு.

ரசிகர்கள் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கடைக்குள் அவன் படத்தைத் திறந்து வைக்கப் போகிறோம். நோட்டீஸ் அடிப்பது உன் பொறுப்பு. பதிலை வெரசா எழுது.

அன்புள்ள மாமா,
சின்னச்சாமி

பழனி
12-2-1961

மாமா அவர்களுக்கு ஞானவேல் வணக்கம். மலை ஏறச் சொல்லாத வரை முழங்கால் வலிப்பதில்லை என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். தைப்பூசக் கூட்டம் வடிந்து பழனி தூங்குகிறது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அத்தை குளிரில் கவனமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அச்சாபீஸில் வாய்விட்டுப் படித்தேன். மிஷின் ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஆடலூர் திருவிழாவில் செல்லப்பாண்டி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. “தொரை வீட்டு நாய்க்குக் காச்சல். டாக்டரு ஜீப்புல பறந்து வந்தாரு. எம் பொண்டாட்டிக்கும் காச்சல். நான் அவளத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். மனுசங்களுக்கு வியாழக்கெழமதான்டான்னாரு. ஐயா, இவளும் நல்லாக் கொலைப்பா, வேணும்னா கேட்டுப் பாருங்கன்னேன்.” உடனே பெண்கள் கூட்டத்தின் கடைசியிலிருந்து அவர் மனைவி ராக்காயி அக்கா, “ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!” என்று கத்தினார். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

மாமா, வெள்ளிக்கிழமை காய்ச்சல், புதன்கிழமை சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டாக்டர் வியாழக்கிழமைதானே வருவார்? நாம் வயிறு வலிக்கச் சிரித்த கதையிலேயே அந்த மனிதர் செத்திருக்கிறார். எனக்கு நெஞ்சு எரிகிறது.

நோட்டீஸ் அடித்துத் தருகிறேன். படத்தை ராக்காயி அக்காதான் திறக்க வேண்டும். மண்டிக்காரர்கள் வேண்டாம்.

இன்னொன்று. அவர் உட்காரவே மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, யாராவது உட்காரச் சொன்னீர்களா?

இப்படிக்கு
ஞானவேல்

பெருமாள்மலை
25-2-1961

அன்புள்ள மருமகனுக்கு ஆசீர்வாதம். இங்கே வெயில் தலைகாட்டிவிட்டது. உன் அத்தை கம்பளியை மடித்து வைத்துவிட்டாள். அக்காவுக்கு மலைத் தேன் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன்.

படம் விஷயம்தான் பெரிய பாடாகிவிட்டது. செல்லப்பாண்டி போட்டோவே எடுத்ததில்லை. கொடைக்கானலில் போர்டு எழுதும் இராமலிங்கத்தைக் கூட்டிவந்து கடையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஆள் அடையாளம் சொன்னோம். சேனாதிபதி மூக்கு பெரிது என்றார். நாச்சிமுத்து காது பெரிது என்றான். உன் அத்தை பல் மட்டும்தான் பெரிது என்றாள். இராமலிங்கம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “நீங்க சொல்றபடி வரஞ்சா யானதான் வரும். ஆளு எப்பிடி நிப்பாரு, எங்க நிப்பாரு, அதச் சொல்லுங்க” என்றார். அதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம். அவரும் மளமளவென்று கோடு போட்டார். அப்படியே அவன்தான்!

அப்போது மலைக் காட்சி கதையும் வந்தது. நீ கேட்டிருப்பாய். “சின்னச்சாமி மொதலாளி தர்மவான்யா. உள்ள உக்காந்து குடிக்கிறவனுக்கு மொதலாளி மூஞ்சிதான் காட்சி. வெளிய நிக்கிற எனக்கு மல, மேகம், அருவி எல்லாம் இனாம். இதப் பாக்கத்தான தொரைமாரு காசு செலவழிச்சுக் கொடைக்கானலு வாராக!” என் கடையிலேயே என் மூஞ்சியைக் கேலி செய்வான். நான்தான் முதலில் சிரிப்பேன்.

ராக்காயி திறக்கட்டும் என்று நீ சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. நாச்சிமுத்து போய்க் கேட்டான். வருகிறேன் என்றாளாம்.

அன்புடன்
சின்னச்சாமி

பழனி
2-3-1961

மாமா அவர்களுக்கு வணக்கம். தேன் வந்தது. அம்மா முழங்காலில் தடவச் சொன்ன வைத்தியரை ஏமாற்றிவிட்டுத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் நலம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். கடைக்கு வெளியே, தூணுக்குப் பக்கத்தில், ஆணியில் மூன்று அலுமினியக் குவளைகள் தொங்குகின்றன. சேரி ஆட்கள் அதை அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, நீங்கள் உயரத் தூக்கி ஊற்றும் டீயை ஏந்தி, நின்றே குடித்துவிட்டு, கழுவி மாட்டிவிட்டுப் போகிறார்கள். செல்லப்பாண்டியும் அதில்தான் குடித்தார். இந்த மலை முழுக்க அவர் சொன்னதைக் கேட்டுக் கை தட்டியது. ஒரு கண்ணாடி டம்ளர் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அவர் படம் உள்ளே வரப்போகிறது. படத்துக்குச் சாதி கிடையாது, நல்லது. படத்தைத் திறக்கும் அவர் மனைவி எதில் டீ குடிப்பார்? எங்கே உட்கார்வார்? இதை மட்டும் சொல்லுங்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ஞானவேல்

பெருமாள்மலை
20-3-1961

மருமகனுக்கு. சுகம். சுகம் அறிய ஆவல். விழா ஏப்ரல் 9, ஞாயிறு மதியம். தலைமை: பூண்டு மண்டி சேனாதிபதி. படத்திறப்பு: ராக்காயி. நோட்டீஸைப் பங்குனி உத்திரக் கூட்டத்துக்கு முன்னால் அடித்து அனுப்பு. கார்டில் இடம் இல்லை. மற்றவை நேரில்.

சின்னச்சாமி

பழனி
29-3-1961

மாமா அவர்களுக்கு வணக்கம். உத்திரக் காவடிக்காரர்கள் அச்சாபீஸ் வாசலிலேயே படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அத்தைக்கு என் அன்பு.

கார்டில் நிறைய இடம் இருந்தது. கால் பாகம் வெள்ளையாகவே வந்தது.

நோட்டீஸ் தயார். நீங்கள் சொன்னதை எல்லாம் சொன்னபடி கோத்திருக்கிறேன். கடைசியில் ஒரு வரி நானே சேர்த்தேன். “விழாவுக்கு வரும் அனைவருக்கும் கடைக்குள் அமரவைத்துக் கண்ணாடி டம்ளரில் தேநீர் வழங்கப்படும்.” முருகன் படத்துக்கு அடியில் பெயர் கோக்க எடுக்கும் பெரிய எழுத்தில் போட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் கார்டுதான் வரும்.

உத்திரத்துக்கு வந்திருந்த நாச்சிமுத்து அண்ணனிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துவிட்டேன். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டே வருவதாகச் சொன்னார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது மலை முழுக்கப் படித்திருக்கும்.

முதலாளி லீவு தரவில்லை. அவருடைய முருகன் எழுத்தை அவரைக் கேட்காமல் எடுத்துவிட்டேனாம். அதனால் விழாவுக்கு வர முடியாது. வைவதானால் கடிதத்தில் வையுங்கள்.

ஞானவேல்

பழனி
18-4-1961

மாமா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நலம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, ஏனென்றால் கடிதமே வரவில்லை.

விழா நடந்ததா? ராக்காயி அக்கா வந்தாரா? மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கையை விரிக்கிறார். அம்மா, “எந்தம்பி வாயத் தொறக்காட்டி எதையோ முழுங்கிட்டான்னு அர்த்தம்” என்கிறார்கள். ஒரு வரியாவது எழுதுங்கள். வசவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஞானவேல்

பெருமாள்மலை
23-4-1961

ஞானவேலுக்கு அத்தை அழகம்மாள் எழுதுவது. என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துப் படி. வள்ளி மதினியைக் கேட்டதாகச் சொல். உன் மாமா உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். உன் பெயரைச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். அதனால் நானே எழுதுகிறேன்.

நோட்டீஸ் வந்த அன்று குதித்தார் பார். “ஏலே, எங்கடையில எங்கிட்டக் கேக்காம எனக்கே உத்தரவு போடுதானே!” என்றார். நான் “நல்லாத்தான இருக்கு” என்றேன். அன்று எனக்கும் வசவு. சேனாதிபதி வந்து, “அந்த வரிய நெசமாக்கிப்புட்டா நாங்க எங்கப்பா டீ குடிக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கடைக்குள் இடம் போதாது, ஆகவே எல்லாருக்கும் வெளியே நிற்கவைத்தே டீ என்று. எல்லாரும் நின்றால் யாரும் கேட்க முடியாதாம். ஆனால் அலுமினியக் குவளை ஆணியில் அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கூட்டம். தாண்டிக்குடி லயத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். ராக்காயி வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள். மாமா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்து திரையை இழுத்தாள்.

அட, என்ன படம்! அப்படியே செல்லப்பாண்டி. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கூட்டம் கை தட்டித் தீர்த்தது. அப்புறம்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். நம் கடை வாசல், நம் தூண். கையில் அந்த அலுமினியக் குவளை, ஒடுங்கின இடம்கூட விடாமல். இந்த ஆம்பிளைகள் அவனை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே சொல்லியிருக்கிறார்கள். இராமலிங்கமும் அப்படியே வரைந்துவிட்டார். அது என்ன குவளை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

ராக்காயி படத்தை நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் திரும்பி, மேடையில் அவள் புருஷன் பேசுவானே, அதே நிதானத்தில் சொன்னாள். “படத்துலயும் வெளிய நிக்க வச்சிட்டீகளே சாமி. செத்த பெறகாச்சும் உக்காரச் சொல்லக் கூடாதா?”

முதலில் சிரித்தது நாச்சிமுத்து. அப்புறம் லயத்து ஆட்கள். அப்புறம் கூட்டமே சிரித்தது. உன் மாமாவும் சிரித்தார். பழக்கதோஷம்! பாதிச் சிரிப்பில் அவருக்கு விளங்கிவிட்டது. வாயை மூடவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. சேனாதிபதி, “எனக்குச் சோலி கெடக்கு” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெஞ்சை இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டு, “உக்காரு ராக்காயி” என்றேன். அவள் மாமாவைப் பார்த்தாள். நான், “அவர என்னத்தப் பாக்க, பெஞ்சு எங்கப்பன் வீட்டுச் சீரு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். உட்கார்ந்தாள். மாமா டீ ஆற்றினார். அவர் கை தானாக ஆணிப் பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன கை திரும்பி வந்து, அவர் குடிக்கிற டம்ளரை எடுத்தது. அதில் ஊற்றிக் கொடுத்தார். ராக்காயி குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாமா யாரிடமும் விழாவைப் பற்றிப் பேசுவதில்லை. நான் எழுதினதைச் சொல்லாதே.

அத்தை
அழகம்மாள்

பெருமாள்மலை
10-5-1961

அன்புள்ள மருமகன் ஞானவேலுக்கு ஆசீர்வாதம். கடை வேலையில் கடிதம் எழுதக் கை ஓயவில்லை. எல்லாரும் சுகம். அக்காவை வெயிலில் அலையவிடாதே.

கொடைக்கானல் சீசன் கூட்டம் இந்த வருஷம் அதிகம். டம்ளர் எல்லாம் உடைந்துபோகிறது. பழனிப் பாத்திரக் கடையில் தடிமனான கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன் வாங்கி நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிடு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்.

சேனாதிபதி இப்போது எதிர்க்கடையில்தான் டீ குடிக்கிறார். அங்கே வடையில் பருப்பே கிடையாது. எத்தனை நாள் தாங்குகிறார் பார்ப்போம். இன்னும் நாலைந்து பேர் அவரோடு போய்விட்டார்கள்.

இராமலிங்கத்தை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். படத்தில் செல்லப்பாண்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட முடியுமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் ஆளை உட்காரவைக்க முடியாது, முழங்கால் மடங்காது என்கிறார்.

அன்புடன்
சின்னச்சாமி

பழனி
17-5-1961

மாமா அவர்களுக்கு வணக்கம். வெயிலுக்கு அம்மா வெளியே போவதில்லை. வாசலில் போகிறவர்களை உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். மற்றபடி நலம். டம்ளர்கள் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் ஒன்றைத் தரையில் போட்டுக் காட்டினார், உடையவில்லை. உங்கள் சீசன் கூட்டத்துக்கு இதுதான் சரி.

படத்தில் கை வைக்காதீர்கள், மாமா. பெஞ்சு வேண்டாம். அவர் நின்றது நின்றபடியே இருக்கட்டும். உட்கார்ந்து டீ குடிக்கிற ஒவ்வொருவனும் அதைப் பார்க்கட்டும்.

அவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்பட எனக்கு வரவில்லை. இன்னும் எத்தனையோ கடைகளில் ஆணி இருக்கிறது. தாண்டிக்குடி லயத்துக்கு டாக்டர் இன்னும் வியாழக்கிழமைதான் வருகிறார். விழாவில் நடந்ததை நாச்சிமுத்து அண்ணன் சொன்னார். விழா நாளில், மாலையும் கூட்டமும் இருக்கும்போது, ஒரு அம்மாளை உட்காரவைப்பது யாராலும் முடியும். விழா இல்லாத ஒரு நாள், காப்பிப் பழம் பறித்த அழுக்குக் கையோடு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ராக்காயி அக்கா தானாக உள்ளே வந்து உட்கார்வாரா? அன்றைக்குத்தான் நான் நம்புவேன்.

அலுமினியக் குவளைகளை என்ன செய்தீர்கள்?

அன்புள்ள
ஞானவேல்

பெருமாள்மலை
4-6-1961

அன்புள்ள மருமகன் ஞானவேலுக்கு மாமா எழுதுவது. ஒரு வாரமாகச் சாரல். உன் அத்தை மடித்து வைத்த கம்பளியை மறுபடி எடுத்துவிட்டாள். நாங்கள் சுகம். அக்காவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா. பஸ் வாசலிலேயே நிற்கிறது, மலை ஏற வேண்டியதில்லை.

குவளையைக் கேட்டாய். ஒன்றில் உன் அத்தை ரோஜாக் குச்சி நட்டிருக்கிறாள். மற்ற இரண்டையும் பெயிண்ட் கலக்க இராமலிங்கம் கொண்டுபோய்விட்டார். அவர் வந்தது பெஞ்சு வரையத்தான். ஆனால் வரையவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. மழை. வத்தலக்குண்டு பஸ் வரவில்லை. ராக்காயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூணருகில் நின்றார். நான் உள்ளே வரச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவராகவே சாக்கை உதறித் தூணில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, ஒரு டீ” என்றார். இத்தனை வருஷமும் சாமி என்று கூப்பிட்டவர்.

இராமலிங்கம் ஏணியில் நின்றபடி, “அம்மா, இவருக்கு ஒரு பெஞ்சு போடவா?” என்று கேட்டார். ராக்காயி நிமிர்ந்து பார்த்தார். “வேணாம்யா. உக்காந்தா அந்தாளுக்குப் பேச்சு வராது. நிக்கட்டும். அவருக்கும் சேத்து நான் உக்காந்துக்கிடுதேன்” என்றார். இராமலிங்கம் இறங்கிவிட்டார்.

டீயைக் கொடுத்தேன். புது டம்ளர். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் கடை நிறைய. சேனாதிபதியும் இருந்தார். எதிர்க்கடை ஒழுகுகிறதாம். எல்லாரும் ராக்காயியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு மடக்குக் குடித்தார். போன தடவை துக்கத்தில் ருசி தெரியவில்லை போலும். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தக் கழனித்தண்ணிக்கா மனுசா இத்தன வருசம் வெளிய காத்துக் கெடந்த?”

கடை இடிந்துவிடும்போல் சிரித்தது. சேனாதிபதி சிரித்துப் புரையேறி, அன்று லீவில் இருந்த நாச்சிமுத்து அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. செல்லப்பாண்டி இருந்திருந்தால் அவரும் இவ்வளவு சிரிப்பு வாங்கியிருக்க மாட்டார்.

மருமகனே, மற்றதெல்லாம் இருக்கட்டும். பழனியில் நல்ல தேயிலைத்தூள் எங்கே கிடைக்கும் என்று விசாரி. வெரசா வாங்கி அனுப்பு. வருகிற செவ்வாய்க்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புள்ள மாமா,
சின்னச்சாமி